புளியரை, கேள்வி பதினான்கு

கீழ்க்கண்ட பத்தியின் மைய முடிவு எது?
நான்கு விடைகள். ஒன்றரை நிமிடம்.
ஒன்றரை நிமிடம் என்பது எனக்கு
இரண்டு லாரிகளுக்கு நடுவே கிடக்கும் இருட்டு.

சோதனைச் சாவடி மேசையில்
மருந்து தெளிப்பான் ஒருபுறம்,
சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுப் புத்தகம் மறுபுறம்.
இரண்டிலும் ஒரே வாசம்.
மலையிறங்கும் காற்று
விடைப் பக்கத்தையே திறந்து திறந்து காட்டுகிறது.
கட்டைவிரலால் அமுக்கிக்கொள்கிறேன்.

முதலில் கடைசி வரியைத்தான் குறித்துக்கொண்டிருந்தேன்.
முடிவு என்றால் முடிவில்தானே இருக்கும்?
ஏழு கேள்விகள் அப்படிப் போயின.
பிறகு "ஆகவே" எங்கே என்று தேடினேன்.
அதில் நாலு.

பன்னிரண்டே காலுக்கு பினோய் வந்தான்.
கேரளப் பதிவெண், கோழி வண்டி,
ஆரியங்காவு வளைவுகளில் சூடேறிய பிரேக் நாற்றம்.
அந்தப்பக்கம் பறவைக் காய்ச்சல் என்று
ஆணை வந்து ஒன்பது நாள்.

"வண்டி விடணும் சேச்சி," இறங்குமுன்பே சொன்னான்.
"கோழியெல்லாம் கொட்டாரக்கரையில இறக்கியாச்சு.
புனலூர்ல வச்சு கழுவியாச்சு.
அதனால கூட்டுல ஒண்ணுமில்ல.
ஒண்ணுமில்லாத கூட்டுக்கு எதுக்கு மருந்து?
மழையும் வருது பாரு."

தெளிப்பானைப் பிடித்தபடியே
அவன் பேச்சைப் பிரித்தேன்.
"அதனால" வந்த இடமும் ஒரு முடிவுதான்.
இறக்கியதும் கழுவியதும் அதற்குத் தோள் கொடுக்கின்றன.
ஆனால் அதுவே குனிந்து
இன்னொன்றைத் தூக்குகிறதே.
எதையும் தூக்காமல்
எல்லார் தோளிலும் ஏறி வருவது எதுவோ
அதுதான்:
வண்டி விடணும்.
முதல் பேச்சு. முன்னால் கொடி பிடிக்க ஒரு சொல்லும் இல்லை.
மழை எதிலும் சேர்த்தியில்லை,
சும்மா பெய்தது.

டார்ச் அடித்தேன்.
கீழ்வரிசை, இடது மூலைக் கூட்டில்
ஒரே ஒரு கோழி
ஒற்றைக் கண்ணால் வெளிச்சத்தைப் பார்த்தது.

பினோய் தலையைச் சொறிந்தான்.
ஒண்ணுமில்ல என்பது இடிந்து விழுந்தது.
என்றாலும் பதினான்காம் கேள்வி கேட்பது
உண்மையா என்று அல்ல,
எதைச் சொல்ல வந்தான் என்று.
நாற்காலிக்குக் கால் ஒடிந்தாலும்
உட்கார வந்தவன் உட்கார வந்தவன்தான்.

கால்நடை டாக்டர் தூக்கக் கலக்கத்தோடு வந்து
வண்டியைத் திருப்பினார்.
கோழி மறுபடி மலையேறியது.

ஒன்றே முக்காலுக்கு போன் மின்னியது.
சுடலைமணி. பத்தனாபுரம் பேக்கரி.
"இங்க நல்ல மழை. ஓவன் ஒண்ணு ரிப்பேர்.
ரயில்ல நிக்க இடமில்லங்காங்க.
இந்த மாசம் நீ வர வேண்டாம்.
முதலாளி லீவு தர மாட்டாரு,
வந்தாலும் பேச நேரமிருக்காது.
அம்மாட்ட சொல்லிரு. பிளம் கேக் அனுப்புதேன்."

கை பழகிவிட்டது.
ஓவன், ரயில், முதலாளி எல்லாம் தோள்கள்.
பேச நேரமிருக்காது: இது குனிந்து தூக்குவது.
பிளம் கேக் எதில் சேர்த்தி என்று தெரியவில்லை.
நடுவே, ஆகவேயும் எனவேயும் இல்லாமல்,
கூட்டத்தில் பை இல்லாமல் நிற்கிற ஆள் மாதிரி
அந்த வாக்கியம்.

புத்தக ஓரத்தில் விடைகள் எழுதினேன்.
அ. மழையில் பயணம் கடினம்.
ஆ. அவனுக்கு லீவு கிடைக்காது.
இ. இந்த மாதம் நான் போக வேண்டாம்.
ஈ. நான் போக வேண்டாம்.

ஈயன்னாவின் மேல் பேனா வெகுநேரம் நின்றது.
பத்தி சொல்லாததைப் பத்தியின் தலையில் கட்டாதே
என்று எட்டாம் பக்கத்தில் கட்டம் போட்டிருக்கிறார்கள்.
ஒரு "இந்த"வை விழுங்கி வாசித்தால்
மதிப்பெண் போய்விடும்.

இயன்னாவை வட்டமிட்டேன்.
சரியான விடைதான்.

ஆனால் மலைக்கு அந்தப்பக்கம்
அவன் கூடுகளின் கீழ்வரிசைக்கு
என் டார்ச் எட்டாது.

வளைவில் அடுத்த வெளிச்சம்.
தெளிப்பானை அழுத்திப் பார்த்தேன், வெறும் காற்று.
மருந்து கலக்க வேண்டும்.